அசையாத முள்

மைக்ரோவேவ் அடுப்பு ஓடவில்லையென்றால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார். பெரும்பாலும் ஃப்யூஸ்தான் போயிருக்கும். அதைப் பழுது பார்த்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன்.

மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னபோதே, காரணம் நான்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது. கதவு சரியாக மூடாத அடுப்புகளை வீட்டிலேயே வைத்து ஓட்டிப் பார்ப்பேன். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தக் கதிர்வீச்சு எதிர்ப்பு சக்தியை அரித்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். கசிவு பார்க்கும் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. மீட்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார் டாக்டர். என் மனசு கேட்கவில்லை.

மனைவி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். குட்டியின் முகம் தெளிந்தது.

"இனிமே அம்மாவை எதிர்த்துப் பேசினா உள்ளேயிருந்தே கிள்ளுவாங்களாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்வேன்.

டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாதாம். "இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். இல்லைன்னா உடம்பு அம்மாவோட கிட்னியை வேற ஆள்னு நினைச்சுத் தாக்கிடும்" என்றார். முதலில் சொன்னதற்கு மேல் என் காதில் ஏறவில்லை. நான் அறியாமல் செய்த கெடுதலை இவர் தெரிந்தே செய்யச் சொல்கிறார். பெற்ற மனசு ஒப்புமா?

எங்கள் தொழிலில், சந்தேகப்படுகிற பாகத்தைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்போம். சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு கேப்ஸ்யூலாகத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குளுக்கோஸ் நிரப்பி மூடினேன். பொடித் திருகாணி பிடித்துப் பழகிய கை, துளி சிந்தவில்லை. மனைவி வேளை தவறாமல் கொடுத்தாள்.

குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. முகம் வீங்கியது. ரத்தத்தில் மருந்தே இல்லை என்றார்கள். "என் கையாலதானே கொடுத்தேன், சத்தியமா கொடுத்தேன்" என்று மனைவி அழுதாள். யாரும் நம்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. குட்டி போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான் சார்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் என் மனைவியை உட்கார வைத்திருக்கிறீர்களே, அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாற்றியது நான். தப்பு என்னுடையதுதான். அந்தச் சில நாள் மருந்தும் உள்ளே போகவிடாமல் முதல் வேளையிலேயே மாற்றியிருந்தால், என் பிள்ளை பிழைத்திருப்பாள்.