சின்ன விமானத்தின் உறையைக் கட்டிய துலுக்கானம் இரண்டாம் முறை கூறியது

03.06.2025 காலை 10.40 மணிக்கு யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையத்துக்கு வந்தவர் சொல்லச் சொல்ல எழுதியது.

என் பெயர் துலுக்கானம், வயது 46, த/பெ. ஏழுமலை (காலமாகிவிட்டார்). சென்னீர்குப்பம் பொன்னியம்மன் கோயில் தெருவில் மனைவி சரசா, இரண்டு மகள்களுடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

நான் ஆறு வருடமாக, விமானம் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் உதவியாளராக வேலை செய்து வருகிறேன். அங்கே மைதானத்தில் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அது பறக்காது. மாணவர்கள் உள்ளே உட்கார்ந்து மீட்டர்களையும் ஒயர்களையும் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக வாங்கியது. கொட்டகை கிடையாது, வெயிலில்தான் நிற்கும். உள்ளே சூடு ஏறினால் மீட்டர்கள் கெட்டுவிடும், கண்ணாடி பழுத்துவிடும், யாரும் உட்காரவும் முடியாது. சென்ற வருடம் கத்திரியில் உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 58 டிகிரி காட்டியது. ஆகவே அதைச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. காலையில் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் வெள்ளி நிறத் தாள்களை ஒட்டுவேன். மேலே வெள்ளைத் துணி உறையைப் போட்டு, அதன் வார்களை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து இழுத்துக் கட்டுவேன். அப்படிக் கட்டினால் உறை கதவுகளின் மேலும் இறுகிவிடும், கதவு திறக்காது. மதிய வகுப்பு இருந்தால் பன்னிரண்டரை மணிக்கு உறையைக் கழற்றி, கரையான்சாவடியில் வாங்கிய ஐஸ் கட்டிகளை மின்விசிறி பொருத்திய தெர்மகோல் பெட்டியில் போட்டு, அதிலிருந்து வரும் குழாயை இடது கதவு இடுக்கில் வைத்து, குளிர்ந்த காற்றை உள்ளே விடுவேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே நன்றாகக் குளிர்ந்துவிடும்.

அதே இடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்பவர் வேம்புலியம்மாள், வயது சுமார் 58, மாங்காட்டில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிரஷர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். இந்த ஏப்ரல் மாதக் கடைசியில் அவர் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நான்தான் அவரிடம், வகுப்புக்கு முன்னால் ஏரோப்ளேன் உள்ளே ஜில்லென்று இருக்கும், பின்சீட்டில் அரைமணி நேரம் படுத்துக்கொள், நேரமானால் நான் எழுப்புகிறேன் என்று சொன்னேன். அவராகக் கேட்கவில்லை. அதன் பிறகு வகுப்பு இருக்கும் நாட்களில் அவர் அங்கே படுப்பார். இது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

சென்ற 14.05.2025 புதன்கிழமை இரண்டரை மணிக்கு வெளியிலிருந்து சிலர் பயிற்சி நிலையத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. நான் வழக்கம்போல பன்னிரண்டரைக்கு ஐஸ் பெட்டியை ஓடவிட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு வேம்புலியம்மாள் வந்து, "துலுக்கானம், இன்னிக்கி மண்ட கொதிக்குது, செத்த நேரம் கண்ண மூடிக்கினு வரேன்" என்று சொல்லி, செருப்பை இறக்கைக்குக் கீழே கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். நான் கதவைச் சாத்தி, இடுக்கில் குழாயை வைத்தேன். அதன் பிறகு கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் மேலாளர் திருமுருகன் எனக்குப் போன் செய்து, வருகிறவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள், அரங்கில் ஜெனரேட்டரில் ஏசி ஓடவில்லை, ஐஸ் பெட்டியை உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும், விமானத்தை வெயிலில் விடாமல் உறையைப் போட்டு மூடிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

நான் குழாயை உருவி, கதவை அழுத்திச் சாத்தி, உறையைப் போட்டு, வார்களை இறுக்கிக் கட்டினேன். கண்ணாடிகளில் தாள் ஒட்டியிருந்ததால் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. வார் கட்டக் குனிந்தபோது வேம்புலியம்மாளின் செருப்பைப் பார்த்தேன். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அதைக் காலால் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அவர் எழுந்து வெறுங்காலோடு குழாயடிக்குப் போயிருப்பார் என்று நினைத்ததாக முன்பு என் மனைவியிடம் சொன்னேன். அது சரியல்ல. அந்த நேரத்தில் நான் ஒன்றுமே நினைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதன் பிறகு அரங்கில் பெட்டியை வைத்து ஓடவிட்டேன். வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், டீ கொடுத்தோம். ஒன்று நாற்பது இருக்கும், திருமுருகன் சார் என்னைக் கூப்பிட்டு, "வேம்புலியம்மா எங்க, கப்பெல்லாம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான், "சாப்புடப் போயிருக்காங்க சார்" என்று சொன்னேன். அதன் பிறகு கப்புகளை நானே எடுத்தேன். அங்கிருந்து விமானம் நிற்கும் இடத்துக்கு இரண்டு நிமிட நடைதான். அப்போது போய் உறையை அவிழ்த்தால், அவர் உள்ளேயிருந்து இறங்குவதை அரங்கின் ஜன்னல் வழியாக எல்லாரும் பார்ப்பார்கள், படுக்க விட்டது நான்தான் என்று தெரிந்து வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் நிச்சயம் முன்னாலேயே எழுந்து போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டரை மணி வரை அரங்கின் ஓரத்திலேயே நின்றேன். ஐஸ் பெட்டிக் காற்று என் கால்களில் பட்டுக்கொண்டிருந்தது. இந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி நேற்று வரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு, வந்தவர்களுக்கு விமானத்தைக் காட்ட வேண்டும், போய் உறையை எடுங்கள் என்று திருமுருகன் சார் சொன்னதும் நான் ஓடினேன். வாரைத் தளர்த்தியவுடன் இடது கதவு தானாக நாலு விரல் அகலம் திறந்துகொண்டது. உள்ளே கைப்பிடி திறக்கும் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. வேம்புலியம்மாள் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கீழே கிடந்தார். கதவுக் கண்ணாடியின் தாள் பாதி கிழிந்து அவர் கையில் இருந்தது. தொட்டபோது உடம்பு தோசைக்கல் மாதிரி சுட்டது, வேர்வை துளியும் இல்லை. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. நான் கத்தியதில் எல்லாரும் வந்தார்கள். பெட்டியில் மிச்சமிருந்த ஐஸ் தண்ணீரை அவர் மேல் ஊற்றி, ஆட்டோவில் பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். ஜெனரேட்டர் விமானத்துக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. கூப்பிட்டாரா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் 15.05.2025 அன்று இதே காவல் நிலையத்தில் என்னை விசாரித்தபோது, உறையைக் கட்டும் முன் கதவைத் திறந்து பார்த்தேன், குரல் கொடுத்தேன், யாரும் இல்லை, அவர் உள்ளே போவார் என்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்.

வேம்புலியம்மாளுக்கு நாலாம் நாள் நினைவு திரும்பியது. மூத்திரம் இறங்காமல் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். 19ஆம் தேதி நான் பார்க்கப் போனபோது வார்டில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "போலீசு கேக்க வராங்களாம். நீ இன்னா சொல்லிக்கீற?" என்று கேட்டார். நான் சொன்னதைச் சொன்னேன். "செரி, அதையே நானும் சொல்லிர்றேன். உனுக்கு ரெண்டு பொண்ணு கீது" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று மாலை அவர், நானாகத்தான் யாருக்கும் தெரியாமல் போய்க் கீழே மறைந்து படுத்திருந்தேன், துலுக்கானம் பேரில் தப்பில்லை என்று இந்தக் காவல் நிலையத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு பயிற்சி நிலையத்தில், அவர் அனுமதியில்லாத இடத்தில் நுழைந்ததால் ஏற்பட்டது, வேலையில் நடந்த விபத்து அல்ல, மருத்துவ உதவி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று முடிவு செய்து, அவரை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் எழுதினார்கள். நேற்று 02.06.2025 மாலை திருமுருகன் சார் அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, அவருக்கு நீங்கள் பழக்கமானவர், படித்துக் காட்டி ரேகை வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்.

நான் மாங்காட்டுக்குப் போனேன். வேம்புலியம்மாள் வாசலருகே பாயில் உட்கார்ந்திருந்தார். இடது கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது, பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை, பேச்சும் இழுக்கிறது. நான் கடிதத்தைப் படித்தேன். ஓரிடத்தில் நிறுத்தி, "அத்துமீறின்னா இன்னா?" என்று கேட்டார்.

"கேக்காம உள்ள பூர்றது, அக்கா" என்றேன்.

"ஆறு வருசமா அந்த ஏரோப்ளேன நான்தான் தொடச்சிகினு கீறேன்" என்றார். அதன் பிறகு, "எங்க வெக்கணும், காட்டு" என்றார். விரல் நடுங்கி ரேகை இரண்டு தடவை தவறிவிட்டது. மூன்றாம் தடவை அவர் கையை நான் பிடித்து வைத்தேன். புறப்படும்போது, பொண்ணுங்களுக்கு ஸ்கூல் திறந்துவிட்டதா என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய் என் மனைவி சரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரசா அழவில்லை. "நாளிக்கி வேலைக்கிப் போவாத. நேரா ஸ்டேஷனுக்குப் போ" என்று மட்டும் சொன்னாள். காலையில் சட்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நான் இங்கே வந்திருப்பது வேம்புலியம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தால் தடுத்திருப்பார்.

ரேகை வைத்த அந்தக் கடிதத்தை நான் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. இத்துடன் இங்கே ஒப்படைக்கிறேன். அவரை உள்ளே படுக்கச் சொன்னவன் நான், கதவை மூடிக் கட்டியவன் நான், நினைவு வந்தும் போகாமல் நின்றவன் நான். அவர் அத்துமீறவில்லை. 19ஆம் தேதி அவர் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது, அதற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதனால் என்மேல் வழக்கு வரும் என்று இதை எழுதும் நிலைய எழுத்தர் எனக்கு எடுத்துச் சொன்னார். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதில் எழுதியிருப்பதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே உள்ளது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. 15.05.2025 அன்று நான் சொன்னதைத் தள்ளிவிட்டு இதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

(ஒப்பம்)
ஏ. துலுக்கானம்