சுவிசேஷமுத்துவுக்கு வளைவு வேண்டாம்

மேடையில் தலைமை வகிக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் சுபத்ரா அம்மையார் அவர்களே, கணவர் சுவிசேஷமுத்துவை இழந்து துயரத்தில் வாடும் திருமதி தபீதாள் அவர்களே, அனகாபுத்தூர் பெருமக்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். பதாகையில் சுவிசேஷமுத்து 1987இல் பணியில் சேர்ந்தார் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தவறு! 1985, ஜூன் 3. அன்று அவருடன் தீயணைப்புத் துறையில் சேர்ந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நாங்கள் சேர்ந்தபோது தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை. எங்கே தீப்பிடித்தாலும் அருகிலேயே தண்ணீர் இறைத்தோம். பிறகு ஏரிகள் மனைகளாயின. தண்ணீரையும் நாங்களே சுமந்து வர வேண்டியதாயிற்று. வண்டி பெருத்தது, தெரு சிறுத்தது. இதை உங்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தார் நம் நிலைய அலுவலர் சுவிசேஷமுத்து!

அவர் கையிலிருந்த மூங்கில் கம்பை மறந்துவிட்டீர்களா? தீயணைப்பு வண்டியின் உயரத்துக்கு வெட்டிய கம்பு. திருவிழாக் காலங்களில் அதை நிமிர்த்திப் பிடித்துத் தெருத்தெருவாக நடப்பார். தோரணமோ பதாகையோ கம்பில் தட்டினால் அவிழ்க்கச் சொல்வார். "இன்னா சார், மாங்கா பறிக்க கெளம்பிட்டியா?" என்று கேலி பேசினீர்கள். 2018, மே 31இல் ஓய்வுபெற்ற பிறகும் நடந்தார். அப்போதும் சிரித்தீர்கள்.

2011, ஆகஸ்ட் 6. இதே தெருவில் நூல் கிடங்கு பற்றி எரிந்தது. மாடியில் ஜான்சியும் அவர் தந்தையும் சிக்கியிருந்தனர். வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. ஏன்? குறுக்கே ஆடித் திருவிழா வளைவு! சுவிசேஷமுத்து கோடரியை ஓங்கினார். இன்று சங்கச் செயலாளராக இருக்கும் வெற்றிவேல் ஓடிவந்து தடுத்தார்.

"சார், சாயங்காலம் சாமி ஊர்வலம் கீது சார். வளைவை ஒடைக்காதீங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க!"

"நெருப்பாண்ட போய்ச் சொல்லிட்டு வா தம்பி. அது பொறுத்துக்கினா நானும் பொறுத்துக்கிறேன்."

கம்பங்கள் சாய்ந்தன. வண்டி நுழைந்தது. ஜான்சியைத் தோளில் சுமந்து இறக்கினார். அவர் தந்தைக்காக மறுபடி ஏறியபோது கூரை விழுந்துவிட்டது. அந்தச் சாவுக்குச் சுவிசேஷமுத்து வெற்றிவேலை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதற்கு மாறாகக் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இவ்வளவும் அறிந்த நீங்கள் இன்று கொண்டுவந்திருக்கும் தீர்மானம் என்ன? அவர் நினைவாக இத்தெருவின் நுழைவாயிலில் ஒரு கான்கிரீட் வளைவு! தீயை அணைத்தவருக்கு, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒரு நினைவுச் சின்னம்! என்ன சொல்லி நான் அழ? தீர்மானம் நிறைவேறும் முன்பே தூண்களுக்குக் குழியும் வெட்டிவிட்டீர்கள். கேட்டால், "உயரமாத்தான் சார் கட்டுவோம்" என்கிறார் வெற்றிவேல். உயரம் சரி, அகலம்? இரு தூண்களும் சாலைக்குள் அல்லவா நிற்கப் போகின்றன! நேற்று அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டு ஜான்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மறுபடியுமா அண்ணா?"

பெருமக்களே, சுவிசேஷமுத்துவின் பெயரை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சூட்டுங்கள். தெருவை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் விட்டுச்சென்ற பணி ஒன்றே ஒன்று: வழியைத் திறந்து வைப்பது. அதை என் கால்கள் ஓயும்வரை செய்வேன் என்று அவர் படத்தின் முன் உறுதி கூறுகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு மண்வெட்டியுடன் வந்து அந்தக் குழிகளை மூடப் போகிறேன். என்னுடன் வருபவர்கள் கை உயர்த்துங்கள்.

நன்றி ஜான்சி. நன்றி அம்மையாரே. பின்வரிசையிலும் தெரிகிறது, நன்றி.

வெற்றிவேல், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்.