சீலிங்க உடைக்காம

— உடைக்க வேணாம்னு சொல்றேன்ல? அந்தச் சுத்தியலக் கீழ வைங்க மொதல்ல.

— ஏய், இந்தா பாருடி. சீலிங்ல ரெண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம். அதுக்குள்ள எட்டு வயரு. டாக்டரம்மா வாங்கியிருக்குற லைட்டு தட்டு கணக்கா இருக்கு. ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் தூக்குது. பள்ளத்தப் பெருசாக்கினாத்தான் ஒட்டும்.

— நேத்துத்தான் பெயிண்டு அடிச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில கிளினிக் தொறக்குறாங்க. சீலிங்ல கீறல் விழுந்தா மாடி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழலயா?

— விழுந்துச்சு. என் கை மட்டும் நல்லா இருந்திருந்தா...

— கட்டுப் போட்ட கைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? ஒன்பது வருஷமா உங்களுக்கு ஸ்க்ரூ எடுத்துக் குடுத்திருக்கேன். இன்னிக்கு நான் ஏறுறேன். மெயின அணைச்சாச்சா?

— அணைச்சு, ஃபியூஸையும் உருவிப் பையில போட்டுட்டேன். இருந்தாலும் டெஸ்டர் வச்சுப் பாருடி.

— பாத்துட்டேன், செத்துக் கெடக்கு. அடேங்கப்பா! ஒவ்வொரு வயரும் ஒரு முழம்! முறுக்கி, டேப்பச் சுத்தி, சுருட்டித் திணிச்சிருக்கு. எவன் பாத்த வேலைங்க இது?

— எவனாவது அரைகுறையா இருப்பான்.

— அந்த அரைகுறைக்கு நான்தான் தினமும் சோறு போடுறேன். டேப்போட நுனிய மடிச்சு விடுறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.

— சரி, நான்தான். கத்தாத! டாக்டரம்மா பக்கத்து ரூம்ல இருக்காங்க. அப்போ இங்க கூண்டு மாதிரி பெரிய லைட்டு. எவ்வளவு சுருட்டினாலும் உள்ள போயிரும்.

— இப்போ போகாதுல்ல? வெட்டப் போறேன்.

— ஐயையோ! வயர வெட்டாதடி! பின்னாடி பத்தாமப் போனா என்ன பண்ணுவ?

— வயர வெட்ட மனசு வரல, அடுத்தவங்க சீலிங்க உடைக்க மட்டும் வருதாக்கும்? கட்டிங் பிளேயரக் குடுங்க.

— இருக்குறது ஒரு கை. ஏணியப் புடிக்கவா, பிளேயரக் குடுக்கவா?

— முட்டியால ஏணிய அழுத்திக்கிட்டுக் குடுங்க.

— இந்தா. ஒரு ஜாணாவது மிச்சம் விடு.

— அரை ஜாண் போதும். கண்ண மூடிக்கோங்க, வெட்டுறேன்... ஆச்சு. அந்தக் கிளிப்பு வச்ச கனெக்டர்ல நாலு குடுங்க.

— அது புடிக்குமா? எனக்கு அதுமேல நம்பிக்கையே இல்ல.

— இழுத்துப் பாத்துட்டேன், உடும்புப் புடியா இருக்கு. கரண்டு வர்ற ஃபேஸ் மூணும் ஒண்ணுல. நியூட்ரல் ஒண்ணுல. எர்த் ஒண்ணுல. சுவிட்ச்ல இருந்து வர்றதும் லைட்டுக்குப் போறதும் ஒண்ணுல.

— எல்லாத்தையும் நடுவுல குவிச்சிராத. லைட்டோட முதுகு அங்கதான் இடிக்கும்.

— தெரியும். பள்ளத்தோட ஓரமா ஒவ்வொண்ணாப் படுக்க வச்சுட்டேன். நடுவுல காலி. லைட்ட வச்சு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி முடுக்கிட்டேன். கீழருந்து பாத்துச் சொல்லுங்க, ஒட்டிருச்சா?

— இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன்.

— சீக்கிரம் போட்டுப் பாருங்க! எனக்கு உயிரே போகுது.

— நகம்கூட நுழையாதுடி! சுத்திவர ஒட்டிருச்சு! இரு, அசையாத, ஃபியூஸ மாட்டி மெயினப் போட்டுட்டு வர்றேன்... போட்டாச்சு. சுவிட்சத் தட்டுறேன்... எரியுது! அடி சக்கை!

— எரியுதா! நான் சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா!

— இங்க என்ன ஒரே கூச்சல்? அட, லைட்டு உக்காந்துருச்சே! உடைக்காம முடியவே முடியாதுன்னு நேத்து ஒத்தக்கால்ல நின்னீங்க?

— தப்பாச் சொல்லிட்டேன் டாக்டரம்மா.

— ரொம்ப சுத்தமா இருக்கு. மாடியில பதினோரு ரூம், எல்லாம் இதே லைட்டுதான். அடுத்த வாரம் ஆரம்பிச்சிருங்க மேஸ்திரி.

— மேஸ்திரி ஏணி மேல நிக்கிறாங்க, அவங்களக் கேளுங்க. நான் இன்னிக்குத்தான் அவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கேன்.