துவைக்கக் கூடாத சால்வை

அழுக்குத் துணியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள், பழக்கம் அப்படி. இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்ததுமே திரைச்சீலையிலிருந்து கால்மிதிவரை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். அவருடைய முதல் மனைவியின் கம்பளிச் சால்வை மட்டும் மிச்சம்.

"அதை விட்டுடு. துவைச்சா அவ வாசனை போயிடும்" என்றார்.

செத்துப் போனவளின் வியர்வைக்கு ஒரு தனி அலமாரி. மகள் அழுகை வந்தால் அதில் போய் முகம் புதைத்துக்கொள்வாள். நான் அணைக்கப் போனால் விறைத்துக்கொள்வாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

பள்ளி விடுமுறைக்கு அப்பாவும் மகளும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "சால்வையப் பாத்துக்கிறீங்களா சித்தி?" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

அந்த வாரம் கடைக்கு வந்த ஒரு கோட்டின் காலருக்கு அடியில் அந்துப்பூச்சிப் புழுக்கள் நெளிந்தன, அரிசிமணி மாதிரி. வழக்கமாக நசுக்கிவிடுவோம். நான் டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். வெளுத்த கம்பளியைவிட வியர்வை ஊறிய கம்பளிதான் அவற்றுக்குப் பிடிக்கும். இருட்டு வேண்டும், யாரும் தொடக் கூடாது. சால்வையின் மடிப்புகளுக்குள் விட்டேன். அந்துருண்டைகளை எடுத்துவிட்டு அலமாரியைச் சாத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.

திரும்பி வந்து அவள் பிரித்தபோது சால்வை சல்லடையாகி இருந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளையின் தலையைத் தடவி, மெதுவாகத்தான் சொன்னேன்.

"சாப்பிட்ட கையோட தொடாதேன்னு எத்தனை தடவ சொன்னேன் கண்ணு? பாரு, பூச்சி வந்துடுச்சு."

அவர் அவளை அடிக்கவில்லை. பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். மிஞ்சிய கந்தலை நான் துவைத்து வெயிலில் காயப்போட்டேன். இப்போது அதில் சோப்பு வாசனைதான்.

அவள் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அம்மா என்று கூப்பிடுகிறாள். என் மேல் கை போடுவதற்கு முன் எழுந்து போய், தோல் வெடித்த விரல்களுக்குத் திரும்பத் திரும்பச் சோப்புப் போடுகிறாள். பிறகு கட்டிலருகே வந்து கைகளை நீட்டுகிறாள்.

"கழுவிட்டேம்மா. தொடலாமா?"

எவ்வளவு சுத்தமான பிள்ளை பாருங்கள். பெற்றவள்கூட இப்படி வளர்த்திருக்க மாட்டாள்.