தொட்டியில் பன்னிரண்டு மீன்கள்

காலையில் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் மீன்களுக்குத் தீனி போட்ட பிறகுதான் நான் தேநீர் குடிப்பேன். பதினோராண்டுப் பழக்கம், ஐயா. கண்ணாடித் தொட்டியில் பன்னிரண்டு மீன்கள். சுத்திகரித்த நீர் அதன் வழியாக ஓடும். அவை நீந்தினால் ஊருக்கு மதகைத் திறக்கலாம் என்பது விதி.

மருந்துத் தொழிற்சாலையின் கழிவு எங்கள் ஏரியில் கலக்கிறது. அந்த நீருக்குள் ஓசோன் வாயுவைக் குமிழவிட்டு மருந்தை உடைப்பது என் வேலை. முற்றாக உடைய இரண்டு மணி நேரம் வேண்டும். இயந்திரமோ கிழடு, ஊரின் தாகமோ பெரிது. நாற்பது நிமிடத்தில் திறந்துவிடச் சொன்னார்கள். இன்னோர் இயந்திரம் கேட்டு ஒன்பது மனு எழுதினேன். ஒன்று மட்டும் திரும்பி வந்தது, மேலாளரின் தேநீர்க் கோப்பை பதித்த வட்டத்தோடு.

"மீன் உயிரோடதானே இருக்கு? அப்புறம் என்னய்யா உனக்கு நோவு?" என்றார் அவர்.

ஒரு காலை ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. ஆய்வுத் தாளிலோ 'மருந்து இல்லை' என்றிருந்தது. தாள் பொய் சொல்லவில்லை. அது முழு மருந்தைத்தான் தேடும், பாதியில் உடைந்த நச்சுத் துண்டுகளையல்ல. வீட்டுக்குள் வந்த பாம்பை வெட்டிய ஒருவன், 'இனி இங்கே பாம்பில்லை' என்று கதவில் எழுதி வைத்தானாம். அறுந்த தலையும் கடிக்கும்; அதற்கு வாசிக்கத் தெரியாது.

மதகை மூடியிருந்தால் கேள்வி என்னிடம்தான் வந்திருக்கும். செத்தவற்றை அள்ளிவிட்டு, என் வீட்டுத் தொட்டியிலிருந்து ஐந்து மீன்களைக் கொண்டுவந்து போட்டு, மதகைத் திறந்தேன். மறுநாள் மூன்று. இரண்டு ஆண்டுகளில் மீன் வளர்ப்பில் கைதேர்ந்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு மட்டும் வெளியூர்த் தண்ணீரைக் கேனில் சுமந்துபோனேன்.

"எனக்கு மட்டும் எதுக்குடா இந்தச் சீர்?"

"மூட்டுவலிக்கு நல்லதுக்கா."

"தண்ணியில மூட்டு நிமிரும்னா, தவளையெல்லாம் நிமிர்ந்துல்ல நடக்கணும்."

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "தெருவுல ஏழு பேருக்குச் சிறுநீரகம் போச்சு. பக்கத்து வீட்டுச் சின்னப்புள்ள நேத்து செத்துப்போச்சுடா. நம்ம வீட்டுல மட்டும் எப்படி ஒண்ணும் இல்ல?"

சொன்னேன். அவள் அழவில்லை. இருந்த கேன்களை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் அண்டைவீட்டு வாசல்களில் வைத்தாள். குழாயைத் திறக்காதீர்கள் என்று கதவு கதவாகத் தட்டினாள். பிறகு என் கையைப் பிடித்து இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். வெளியே நிற்கிறாள்; ஒரு நாற்காலி கொடுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்: எழுநூறு காலைகள், தெரிந்தேதான் மதகைத் திறந்தேன். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: அந்த மீன்களை நான் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை.