வேகமானதை அவளுக்குக் கொடுத்தேன்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான், மேடம். எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். அவர்கள் மேல் தப்பில்லை. வேகம் வாங்கின அன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது. உழைப்போ, பொருள் கெட்டுப்போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

உட்காருங்கள். இந்த வெயிலில் திருப்பதியிலிருந்து புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். போனிலேயே கேட்டிருக்கலாம். ஹரிதாவின் ஆராய்ச்சியில் ஏதாவது ஒரு துண்டாவது வீட்டில் மிச்சம் இருக்கிறதா, இருந்தால் அவள் பெயரிலேயே வெளியிடலாம் என்கிறீர்கள். அவளுக்கு கைடாக இருந்தவர், கேட்பது நியாயம்தான். இருக்கிறது, தருகிறேன். ஆனால் அது என்னிடம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் வாங்கின பிறகு நீங்களே கேட்பீர்கள்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் இறந்தபோது நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். ஹரிதா அப்போது சின்னப் பெண், ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். விடு என்று யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த சர்வீஸ் மேசையில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அதில் குறை ஒன்றும் கிடையாது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நான்தான் பார்த்தேன். காலையில் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு பஸ் பிடிப்பேன். பகலில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் எட்டிப் பார்ப்பார். ராத்திரி மறுபடி நான். ஹரிதா அந்த நேரத்தில் சூளூர்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, பழவேற்காடு ஏரியில் பூநாரைகளின் குரலை ரெகார்ட் செய்துகொண்டிருந்தாள். மூன்று பனிக்காலம் அப்படிப் போனாள். உங்களுக்குத் தெரியாததா. வீட்டுக்கு வந்தால் ஹெட்போனை என் காதில் வைப்பாள்.

"இது ரெண்டும் ஜோடிக்கா. எத்தினி ஆயிரம் பறவ கத்திக்கினு இருந்தாலும் ஒண்ண ஒண்ணு கொரல வெச்சே கண்டுபுடிச்சிடும்."

எனக்கு எல்லாம் வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்டது. நல்லா கீது என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குத் துணி அலசப் போவேன்.

நெதர்லாந்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்ததே, தீசிஸைக் கொடுத்த கையோடு அங்கே ஆராய்ச்சிக்கு வந்து சேரலாம் என்று, அன்றைக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மாவின் வாய்க் கோணலில் ஒரு விள்ளல் வைத்துச் செய்தியைச் சொன்னாள். அம்மாவுக்குப் பேச்சு குழறும். ஆனால் அன்றைக்குச் சொன்னது தெளிவாகவே கேட்டது. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"போவட்டும் வுடு. நீதான் கீறியே."

சரியான பேச்சுதான். நான் இருக்கிறேன்தான்.

அந்த வாரமே ஹரிதா என்னிடம் கேட்டாள். அவளுடைய பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறதாம், ஒரு நாள் ரெகார்டிங்கைத் திறந்து பார்ப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறதாம். "எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒண்ணு நீயே நல்லதா பாத்து வாங்கிக் குடுக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

பார்த்துத்தான் வாங்கினேன். என் வேலையில் நான் அலட்சியமாக இருந்ததில்லை. எந்த டிரைவ் எத்தனை திரும்பி வருகிறது என்பது சர்வீஸ் மேசைக்குத்தான் தெரியும். ஒரு மாடல் இருந்தது. வேகம் சுமார். அட்டைப்பெட்டியைப் பார்த்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். ஐந்து வருஷ வாரன்டி. அதில் ஒன்றுகூட என் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. இன்னொரு மாடல், தொட்டால் திறக்கும். ஆனால் அந்த வேகமெல்லாம் மேலாகத்தான், உள்ளே போட்டிருக்கும் சிப் மட்டமானது. பத்து விற்றால் நாலு திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் சாகும்போது முனகும், கடகடவென்று சத்தம் போடும், சுதாரிக்க நாலு நாள் கொடுக்கும். இது அப்படியில்லை. காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது. உள்ளே இருந்ததைத் திரும்ப எடுப்பதும் முடியாத காரியம். எங்கள் முதலாளி அந்த மாடலை வரவழைப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியாக ஒன்று ஷெல்ஃபில் கிடந்தது.

இரண்டையும் வாங்கினேன். வேகமானதை அவளுக்குக் கொடுத்தேன்.

நம்பகமில்லாததுதான் வேண்டும் என்றால் மெதுவாக ஓடுகிற மட்டமான ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். மெதுவானதைக் கொடுத்திருந்தால் அவள் பழைய டிஸ்க்கையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பாள். மனுஷர்களைப் பழையதைக் கைவிட வைப்பது வேகம்தான். முதல் நாள் ஃபைல்கள் ஓடி ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "எவ்ளோ ஸ்பீடா கீது பாருக்கா." பழைய டிஸ்க்கில் கோளாறு தெரிகிறது, இனி அதை நம்பாதே என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். கோளாறு ஒன்றும் இல்லை. அதிலிருந்த எல்லாவற்றையும் என்னிடமிருந்த நல்ல டிரைவில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துக் கடை கேமராவுக்குப் போட்டுவிட்டேன்.

இன்னொரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். நெட்டில் ஏற்றி வைக்கப் பல்கலைக்கழக ஹாஸ்டல் வைஃபைக்குத் தெம்பில்லை. "வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் செக் பண்ணித் தரேன், உனுக்கு எதுக்கு அந்தக் கவல" என்றேன். அப்படியே செய்தேன். வரும்போதெல்லாம் வாங்கி, புதிதாகச் சேர்ந்ததை என்னுடையதில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவளுடைய உழைப்பில் ஒரு ஃபைல்கூட வீணாகக் கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். அம்மா ரொம்ப நாள் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் பெற்ற பெண்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் குற்றம் என்ன இருக்கிறது? அப்புறம் என்னிடமிருக்கிற டிரைவை எடுத்துக் கொடுத்து, கெட்டுப்போனதிலிருந்து எப்படியோ மீட்டுவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அவளும் போகலாம்.

ஆனால் அது கெட்டுப்போகவில்லை, மேடம். ஊரெல்லாம் திரும்பி வந்த மாடல், இவளிடம் போனது மட்டும் கல் மாதிரி ஓடியது. ஏரிக்கரை உப்புக்காற்றில் ஓடியது, வெயிலில் ஓடியது. தீசிஸ் கொடுக்க வேண்டிய மாசம் வந்தது. அவள் கட்டிலுக்கடியில் புதுப் பெட்டி வந்தது. ஸ்வெட்டரை இப்போதே வாங்கலாமா, அங்கே போய் வாங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவையும் டிரைவை என்னிடம் செக் பண்ணக் கொடுத்தாள். கடைக்கு எடுத்துப்போனேன். முதலில் புதிய ஃபைல்களை என்னுடையதில் ஏற்றினேன். தீசிஸும் முழுசாக அதிலேதான் இருந்தது, லேப்டாப்பில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தாள். முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். அதன் பிறகு டிரைவின் மேல்மூடியைக் கழற்றி, கொடுக்கக் கூடாத அளவுக்குக் கரண்டைக் கொடுத்தேன். லேசாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது. பழையபடி மூடி, ராத்திரி அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, டிரைவ் காட்டமாட்டுது."

"கேபிள மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன்."

"லேப்டாப்ப ஆஃப் பண்ணிப் போடு."

"போட்டேன்கா."

"வேற லேப்டாப்புல?"

பக்கத்து ரூமுக்கு ஓடுகிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது.

சென்னையில் ஒரு ரெகவரி சென்டருக்கு நான்தான் கூட்டிப்போனேன். சிப் கருகிவிட்டது, ஒன்றும் தேறாது என்றார்கள். வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சின்ன வயசுக்கு அப்புறம் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. புத்தூர் ஸ்டேஷன் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் பேசி அவளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தீர்கள். நெதர்லாந்துக்காரர்களும் ஒரு சீசன் பொறுக்கிறோம் என்றார்கள். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டப் பழகிக்கொண்டாள். நான் வேலையிலிருந்து வந்தால் சோறு ஆக்கி வைத்திருப்பாள். வீடு நன்றாக இருந்தது, மேடம். அவள் சரியாகச் சாப்பிடவில்லை, அது உண்மை. "துன்னேன்கா" என்பாள், தட்டு காய்ந்தபடியே இருக்கும். சில நாள் எதிலும் சொருகாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் என் டிரைவ் பக்கத்து ரூம் பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓட்டிப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும்.

ஹரிதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்க்கிறீர்கள். ஆமாம், அதுதான் அம்மா. கீழே போட்டிருக்கிற தேதியையும் பார்த்துவிட்டீர்கள். ஆடி மாசம் போய்ச் சேர்ந்தாள். ஹரிதா ஏரிக்குப் போனது மார்கழியில்.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

"வெளிநாட்டுக்கு வர்லன்னு அவங்களுக்கு எழுதிட்டேன்கா. உன்ன ஒண்டியா வுட்டுட்டு எங்க போறது? எனுக்கு வேற யாரு கீறாங்க? தீசிஸ மட்டும் முடிச்சிட்றேன். இந்த சீசன் பறவ வந்ததும் திரும்ப ரெகார்ட் பண்ணிக்கினு வந்துட்றேன். அப்பறம் இங்கியே எதுனா வேல பாத்துக்கறேன்."

அவள் தூங்கினதும் பீரோவைத் திறந்து டிரைவைக் கையில் எடுத்தேன். கொடுத்திருந்தால் அவள் ஏரிக்குப் போகவே வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. எப்படியோ மீட்டுவிட்டேன் என்று சொல்ல நினைத்தேனே, அந்தப் பொய் இனி நிற்காது; சிப் கருகினதை அவளே கண்ணால் பார்த்தவள். எங்கிருந்து வந்தது என்று கேட்பாள், சொல்ல வேண்டும். சொன்னால், சற்று முன்பு அவள் சொன்னாளே, அது போய்விடும். நீதான் கீறியே என்று அம்மா சொன்னதை எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறேன். என்னைவிட்டால் வேறு யாருமில்லை என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

டிரைவைப் புடவைக்கடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

ஏரியில் நடந்ததைப் படகோட்டி கங்கையா இங்கே வந்து சொன்னார். பாவம், ஹரிதாவின் காரியத்துக்கு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு அழுதார். காற்று ஏறுகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னாராம். விட்டுப்போன நாளைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று இவள் கிளம்பச் சொன்னாளாம். படகு கவிழ்ந்த இடத்தில் ஆழம் அதிகமில்லை, ஆனால் சேறு.

"கம்ப புடிம்மா, கம்ப புடிம்மான்னு கத்துறேன். அந்தம்மா ரெண்டு கையாலயும் பேக தலைக்கு மேல தூக்கிக்கினு நின்னுது. பேக வுட்டிருந்தா புடிச்சிருக்கும். வுடவே இல்ல."

பையில் அந்த சீசன் ரெகார்டிங் மொத்தமும் இருந்தது. இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டாக டிரைவ் வாங்கியிருந்தாள். இரண்டையும் ஒரே பையில் வைத்திருந்தாள். அப்படி வைக்கக் கூடாது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தாருங்கள். மூன்று சீசனும் இருக்கிறது, தீசிஸும் இருக்கிறது. ஒரு ஃபைல்கூடப் பழுதில்லை, நேற்றுகூட ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். போலீஸிடம் சொன்னாலும் நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஏன் என் முகத்தையே பார்க்கிறீர்கள்? நான் யோசிக்காமல் இல்லை, மேடம். அன்று ராத்திரி கொடுத்திருந்தால் அவள் என்னை வெறுத்துவிட்டு அந்தக் குளிர் தேசத்துக்கே போயிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். ஆனால் உயிரோடு இருந்திருப்பாள். கொடுக்காததால் ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் என்னோடு இருந்தாள். இரண்டில் எது வேண்டும் என்று இப்போது நீங்கள் கேட்டாலும், எனக்கு உடனே பதில் சொல்ல வராது.