வேஸ்ட் ரூமில் பத்துப் பேர்

ஓடுகிறோம். மணி மூன்று முறை அடித்துவிட்டது. ஒரு முறை அடித்தால் டீ. இரண்டு முறை அடித்தால் சாப்பாடு. மூன்று முறை அடித்தால் பொடிசுகள் எல்லாம் ஒளிய வேண்டும்.

"செக்கிங்! செக்கிங்! ஓடுங்கடி!"

ஹாஸ்டல் வார்டனின் குரல். புதன்கிழமை, ஆடி மாதம், காலை பத்து நாற்பது. நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன், கேஸ் இன்னும் நடக்கிறது. பதினொரு பெண் பிள்ளைகள் ஓடுகிறோம். பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைக்கக்கூட நேரமில்லை. பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன.

வேஸ்ட் ரூம். துணி வெட்டி மிஞ்சிய துண்டுகளை மூட்டை கட்டிப் போடும் அறை. ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கதவு. பின்னால் வேஸ்ட் வண்டிக்காக ஒரு ஷட்டர். உள்ளே பஞ்சுத் தூசி. வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டும்.

என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சி ஓடி வருகிறாள். சித்தி மகள். வயது பதினொன்று. மூச்சிளைப்பு உள்ளவள். தெற்கே எங்கள் ஊரிலிருந்து ஏஜெண்ட் என்னைக் கூட்டிவந்தபோது, நான் போகிறேன் என்பதால் அவளும் வந்தாள். "பாத்துக்கிடு" என்று சித்தி என்னிடம்தான் சொன்னாள். எனக்கு அப்போது பதின்மூன்று. நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதுகிறேன்.

கதவருகில் சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்தார்.

"இவ நெட்டையா இருக்கறா! வெளிய நிக்கட்டும்!"

மேஜைகள் காலியாக இருந்தால் சந்தேகம் வருமாம். பேச்சியின் கை என் கையிலிருந்து உருவப்பட்டது. கதவு மூடியது. பூட்டு. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்திரண்டு. உள்ளே பத்துப் பேர்.

ஆடிட் என்றுதான் நினைத்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களுக்குப் பாடம் உண்டு. வயசு பதினெட்டு. படிப்பு பிளஸ் டூ. விருப்பப்பட்டு வந்தோம். மேஜையருகே நிற்கும் பெண்களின் அடையாளக் கார்டுகளில் எல்லாம் ஒரே பிறந்த தேதி. ஒரே ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று பிறந்தோம்போல. ஆடிட் என்றால் கால் மணி நேரம். அவ்வளவு நேரம் பேச்சி தாங்குவாள். முன்பு மூன்று தடவை தாங்கியிருக்கிறாள். ஆகவே என் கணக்கு சுலபம். நான் தப்பில்லாமல் ஒப்பித்தால் இவர்கள் சீக்கிரம் போவார்கள். கதவு சீக்கிரம் திறக்கும்.

ஐந்து பேர் உள்ளே வருகிறார்கள். சூப்பர்வைசர் டீ கொண்டுவரச் சொல்கிறார். யாரும் டீயைத் தொடவில்லை. நூல் சேலை கட்டிய ஓர் அக்கா என் மேஜையருகே வந்து தரையில் உட்கார்ந்தார். ஆடிட்காரர்கள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பயப்படாத கண்ணு. எத்தன வயசு?"

"பதினெட்டு."

"உள்ளார வேற புள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா."

பத்து ஐம்பது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். பேச்சியின் இருமல். யாரோ ஓவர்லாக் மெஷினை ஓட்டினார்கள். துணி இல்லாமல் ஓடும் மெஷினின் சத்தம் வேறு. அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கேட்டார். இல்லை என்றேன். பத்து ஐம்பத்தெட்டு. பின்பக்கம் ஷட்டர் கரகரவென்று ஏறும் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம். என் காதில் விழுந்தது. வேஸ்ட் வண்டி என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மூன்றாவது முறையும் கேட்டார். மூன்றாவது முறையும் இல்லை என்றேன்.

பதினொன்று ஆறு. அக்கா வயசை விட்டுவிட்டார். ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டார்.

"ஏங்கண்ணு, பள்ளிக்கூடத்துல குடுத்த கவர்மெண்ட் சைக்கிளை இப்ப ஊட்டுல யாரு ஓட்டறாங்க?"

"அதுக்கு இன்னும் மூணு வருசம் கெடக்குக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வரும். எட்டாம் வகுப்பில் நின்றவள் நான். அந்த சைக்கிளுக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! பிளஸ் டூ, பதினெட்டு, எல்லாப் பாடமும் அந்த ஒரு பதிலில் போயிற்று. அக்கா எதையும் எழுதவில்லை. என் கையை மட்டும் பிடித்தார்.

இவர்கள் பிள்ளைகளை மீட்க வந்தவர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கத்தினேன். "தங்கச்சி உள்ள இருக்கா! மூச்சு வராது! தொறங்க!"

"சாவி ஓனர்கிட்டங்க. அவரு குன்னத்தூர் போயிட்டாருங்க." சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறார். மப்டியில் வந்திருந்த போலீஸ்காரம்மா இரும்புக் கம்பியை எடுத்தார். ஆறு முறை அடித்தார். ஏழாவதில் பூட்டு தெறித்தது. பதினொன்று பதினான்கு.

பேச்சி கடைசி மூட்டையின் மேல் கிடந்தாள். உதடு நீலம். முகம் ஷட்டரின் பக்கம். ஷட்டர் ஒரு முழம் ஏறியபடி நின்றிருந்தது. மூச்சு இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். பேச்சியோடு சேர்த்து ஏழுதான்.

இந்தி பேசும் மூன்று பிள்ளைகளைக் காணோம். மூன்று வாரம் முன்னால் வந்தவர்கள். கொண்டுவந்தவனே ஷட்டர் வழியாக ஏற்றிப் போயிருந்தான்.

அன்று யாரும் எங்களை விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரி. பேச்சியின் முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க். பிறகு குளியல், சோறு, தூக்கம். அக்கா போகாமல் கூடவே இருந்தார். மறுநாள் எங்கள் வயசைக் கண்டுபிடிக்கப் பல்லைப் பார்த்தார்கள், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒப்பிக்கத் தெரியாதே, உண்மையைச் சொல்லிவிட்டது. குழந்தைகள் நலக் குழுவின் முன் என்னை நிற்கவைக்கவில்லை. நாற்காலி போட்டார்கள். உடனே ஊருக்கு அனுப்பவும் இல்லை. முதலில் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். ஏஜெண்ட் எங்கள் பக்கத்துத் தெருக்காரன், திரும்பிப் போனால் மறுபடி வண்டி ஏற்றியிருப்பான். எட்டு மாதம் இல்லத்தில் இருந்தோம். அங்கேயே பள்ளிக்கூடம். அப்போது அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்று அவ்வளவு திட்ட மாட்டேன்.

பேச்சிக்குப் பேச்சு வரப் பத்து நாள் ஆனது. பிறகு சொன்னாள். இருட்டில் அந்த மூவரில் சின்னவள்தான் அவள் தலையை மடியில் வைத்து முதுகை நீவிக்கொண்டிருந்தாள். ஷட்டர் ஏறியது. கொண்டுவந்தவன் மூவரையும் அதட்டினான். சின்னவள் உடனே போகவில்லை. பேச்சியை இழுத்து, முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்தாள். அப்புறம் போனாள். அந்தக் காற்றால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார்.

அக்கா நோட்டைத் திறந்துகொண்டு என்னிடம் கேட்டார். "அவங்க பேரு என்ன கண்ணு? எந்த ஊரு? தேடணுமில்ல?"

மூன்று வாரம் ஒரே மேஜை. ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறோம். நாங்கள் அவர்களை "இந்தி" என்றுதான் கூப்பிட்டோம். மூவரையும் அப்படித்தான். என்னால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு இருபத்திரண்டு. வேறு ஊர்களில் மீட்கப்பட்டவர்களின் போட்டோக்களை அக்கா இன்னும் கொண்டுவந்து காட்டுகிறார். நான் பார்த்தது சிறுமிகளை. இப்போது வளர்ந்திருப்பார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உள்ளே போனவர்கள் பத்து. வெளியே வந்தவர்கள் ஏழு. யாரும் இல்லை என்று நான் பொய் சொன்னது மூன்று முறை. முதல் பொய்க்குப் பிறகு எட்டு நிமிடம் அந்த மூவரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினான்கு இருக்கும். நடுவில் உள்ளவளுக்குப் பன்னிரண்டு. சின்னவளுக்கு ஒன்பதுக்கு மேல் இராது. பெயர் தெரியாது. நான் கேட்டதே இல்லை.